வினாகிரி என்று எழுதாத போத்தல்

1. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தர்மினி மூன்று சிறிய போத்தல்களையும், வெறும் சேலைன் போத்தல் ஒன்றையும், அதன் குழாயையும் துவாயில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

2. மூன்று சிறிய போத்தல்களிலும் லேபல் ஒட்டியிருந்தது. என் வகுப்பில் லேபல் இல்லாத போத்தல் இருக்கக்கூடாது.

3. குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் பின்னேர எஞ்சின் படகை, அதாவது லோஞ்சை, பிடிக்க அவள் ஜெட்டிக்குப் போனாள்.

4. சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள்.

5. அவளின் சினேகிதி பெமினா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள்.

6. லோஞ்ச் நேரத்துக்குப் புறப்படவில்லை.

நடந்தது இவ்வளவுதான். முதல் ஐந்தையும் இதற்கு முன்பும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆறாவதைச் சரியாகச் சொன்னதில்லை. அதற்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக: யுத்த காலத்தில் நான் திருகோணமலையில், தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், சில வேளைகளில் கன்னியா வெந்நீர் ஊற்றின் தண்ணீரும் போத்தல்களில் வரும். கிழமை நாட்களில் அதைப் பார்ப்பேன். சனிக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த அறையில் இருந்தவை: நீளமான மேசை ஒன்று, பொருந்தாத கதிரைகள், கதவு மூடாத ஒரு அலுமாரி, ஜன்னலுக்கு வெளியே ஒரு செவ்வரத்தை மரம். இல்லாதவை: மற்ற எல்லாம்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இருந்தது. ஆனால் அதில் அப்போது இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் இருந்தன. பரிசோதனை மேசையில் குழந்தைகள் படுத்தார்கள். வாயு வருகிற அடுப்புக்கு மேல் விறகடுப்பை வைத்துச் சோறு சமைத்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அங்கே போய்த் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

புதிதாக இரசாயனப் பொருட்கள் எடுக்கவும் வழியில்லை. அமிலம் என்ற சொல்லே சோதனைச் சாவடிகளுக்கு ஆகாத சொல். கொழும்பிலிருந்து ஒரு போத்தல் ஐதரோக்குளோரிக் அமிலம் கொண்டுவரலாமா என்று ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். கேட்டதை மறந்துவிடும்படி மேலதிகாரி அன்பாகச் சொன்னார்.

ஆனால் பரீட்சை வரத்தான் போகிறது. அதில் செய்முறைப் பகுதியும் வரும். பரீட்சை நிலையத்தில் உண்மையான அளவி இருக்கும். அளவி என்றால் கீழே திருகு வைத்த நீண்ட கண்ணாடிக் குழாய். அதிலிருந்து காரத்தைத் துளித்துளியாக அமிலத்துக்குள் விடவேண்டும். நிறம் மாறுகிற அந்தத் துளியோடு நிறுத்தவேண்டும். ஒரு துளி கூடினாலும் கணக்குப் பிழை. இதற்கு நியமிப்பு என்று பெயர். என்னுடைய பிள்ளைகளில் ஒருவரும் அளவியைக் கையால் தொட்டதில்லை.

குசினியும் ஆஸ்பத்திரியும்

எங்களுக்கு வேண்டியது அமிலம் ஒன்று, காரம் ஒன்று, நிறம் மாறும் காட்டி ஒன்று, துளியாக விடுகிற கருவி ஒன்று.

அமிலத்துக்கு, ஊறுகாய்க்கு விடுகிற வினாகிரி. தண்ணீர் விட்டு நன்றாக மெல்லிதாக்கிக் கொண்டோம். காரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்தால் தரமான காரம். காட்டிக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற செவ்வரத்தம்பூ. இதழை வெந்நீரில் ஊறவைத்தால் வருகிற சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

பூவில்தான் ஒரு சிக்கல். எங்கள் ஊரில் மான்கள் றோட்டில் திரிவது எல்லோருக்கும் தெரியும். கோயில் வளவுக்கும் வரும். சனிக்கிழமை காலையில் நான் போவதற்குள் கைக்கெட்டிய பூவையெல்லாம் தின்றுவிட்டு நிற்கும். பெமினா அதற்கு வைத்த பெயர் "லாப் அசிஸ்டன்ற்". வேலைக்கு வருகிறது, பொருளைத் தின்கிறது, ஒன்றும் செய்வதில்லை என்பாள். நானும் ஆய்வுகூட உதவியாளர்தான் என்பதை ஒருநாள் நினைவுபடுத்தினேன். "அதுதான் மிஸ், பேர் பொருந்துது" என்றாள்.

அளவி தந்தவர் மேரி அக்கா. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவ, ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். திகதி முடிந்து எறிய வைத்த சேலைன் குழாய் ஒன்றையும் வெறும் போத்தல் ஒன்றையும், தாதி ஒருவரிடம் கேட்டு எனக்காக வாங்கிவந்தா. சேலைன் போத்தலின் பக்கத்தில் அளவுக் கோடுகள் அச்சடித்திருக்கும். அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அடியை வெட்டிச் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினால், குழாயில் இருக்கிற சின்னச் சில்லு திருகின் வேலையைச் செய்யும். சில்லைப் பெருவிரலால் உருட்ட உருட்டத் துளி வேகமாகும், மெதுவாகும், நிற்கும்.

இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் அதில் பழகிய விரல் உண்மையான அளவிக்குப் பயப்படாது என்று எனக்குத் தெரியும். மேரி அக்காவிடம் இதை விளக்கிச் சொன்னேன். அவ கேட்டுவிட்டு, "ஆருக்கோ ஏத்தவேண்டிய சேலைன், வினாகிரிக்கு ஏறுது. நல்லாயிருக்கட்டும்" என்றா.

லேபல் பற்றி

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குசினியில் எல்லாம் சோடாப் போத்தலில்தான் இருக்கும். நல்லெண்ணெய், தேன், மண்ணெண்ணெய், வினாகிரி. அம்மாவுக்கு எது எது என்று இடத்தை வைத்துத் தெரியும். ஒருநாள் வீடு கழுவும்போது போத்தல்கள் இடம் மாறின. விளையாடிவிட்டு வந்த என் தம்பி தண்ணீர் என்று நினைத்து மண்ணெண்ணெயை வாயில் விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து பிழைத்தான். அவன் இப்போது என்னைவிட உயரம், அந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பான். அம்மா சிரிப்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் போத்தல்களுக்கு நான் கடதாசி ஒட்டத் தொடங்கினேன். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் அதையே பாடமாகச் சொன்னார்கள்: லேபல் இல்லாத திரவத்தை ஊற்றிவிடு, அது என்னவாக இருந்தாலும். எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை. வீட்டுப் பழக்கமாகத்தான் தெரிந்தது.

என் மாணவர்களிடமும் அப்படியே கேட்டேன். பெயர் எழுதவேண்டாம், சூத்திரம் எழுதுங்கள் என்றேன். எழுதி எழுதித்தான் சூத்திரம் மனதில் நிற்கும். ஆகவே எங்கள் அலுமாரியில் வினாகிரி என்று ஒரு போத்தல் இருக்கவில்லை. ஆங்கில எழுத்தில் CH₃COOH என்று ஒன்று இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் என்று இருக்கவில்லை. Ca(OH)₂ இருந்தது. செவ்வரத்தைச் சாற்றுக்குச் சூத்திரம் இல்லாதபடியால் அதில் மட்டும் 'காட்டி' என்று தமிழில் இருந்தது.

தர்மினியின் லேபல்கள்தான் எல்லாவற்றிலும் அழகானவை. கறுப்பு மையில், நேராக, கீழே திகதியோடு.

ஒரு துளி கூடுதலாக

தர்மினி கிளிவெட்டிப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாயார் தமையன்மாரோடு சேர்ந்து வயல் செய்தா. சனிக்கிழமை விடிய மூதூருக்கு வந்து, லோஞ்சில் குடாவைக் கடந்து, எங்கள் வகுப்புக்கு வருவாள். பெமினா மூதூரிலேயே இருப்பவள். இரண்டு பேரும் லோஞ்சில்தான் சினேகிதமானார்கள். பெமினா கதைப்பாள், தர்மினி கேட்பாள். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

எழுத்துப் பாடத்தில் தர்மினியை ஒருவரும் முந்த ஏலாது. செய்முறையில் அவளுக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு துளி கூடுதலாக விட்டுவிடுவாள். சிவப்பு மங்கி வரும்வரை அழகாக விடுவாள். மாறப்போகிற நேரத்தில் கண் ஜன்னலுக்குப் போகும், விரல் சில்லை உருட்டும், கரும்பச்சையாகிவிடும். மெல்லிய பச்சையை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். லோஞ்ச். பின்னேர லோஞ்சைத் தவறவிட்டால் அன்று மூதூருக்குப் போக ஏலாது. இருட்டுவதற்கு முன் குடாவைக் கடந்துவிடவேண்டும், அதற்குப் பிறகு தண்ணீரில் ஒன்றும் ஓடக்கூடாது. தரை வழியோ அப்போது வழியே அல்ல. ஆகவே வகுப்புத் தொடங்கியதிலிருந்தே அவளின் காது துறைமுகப் பக்கம்தான் இருக்கும்.

"தர்மினிட வினாகிரிக்குள்ள லோஞ்ச் சத்தம் கேக்கும் மிஸ்" என்பாள் பெமினா.

தாயார் ஒரு நிபந்தனையோடுதான் அவளை விட்டிருந்தா. தர்மினியே அதை எனக்குச் சொன்னாள். ஜெட்டியில் ஒருநாள் ஏதும் பிரச்சினை என்று கேள்விப்பட்டால் அதோடு படிப்பு சரி. தாயாரைக் குறை சொல்ல ஏலாது. பிள்ளையின் பெயர் ஒரு சாவடியின் புத்தகத்தில் ஏறினால், அடுத்த முறை கடக்கும்போது என்ன நடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாத காலம்.

பரீட்சை கிட்டி வந்தது. கடல் கொந்தளித்தும், வேறு காரணங்களாலும் சில சனிக்கிழமைகளில் லோஞ்ச் ஓடவில்லை. அதனால்தான் தர்மினி அன்று கேட்டாள், சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகலாமா என்று. வீட்டில் லோஞ்ச் சத்தம் கேட்காது என்றாள். எல்லோரும் நல்ல யோசனை என்றோம். பெமினா தன் துவாயை எடுத்துக் கொடுத்தாள், கண்ணாடி உடையாமல் சுற்றுவதற்கு.

வினாகிரியும் சுண்ணாம்பும் தினமும் அந்த ஜெட்டியால் போகிறவைதான். கடைச் சாமான்களோடு கூடை கூடையாகப் போகும். ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் சூத்திரம் எழுதின வினாகிரி அதுவரை போனதில்லை. சேலைன் குழாயோடு சேர்ந்து போனதில்லை. எங்கள் அறையில் இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மேசையில் மூன்று போத்தல்

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெமினா வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"மிஸ், தர்மினிய நிப்பாட்டி வெச்சிருக்காங்க. போத்தலெல்லாம் மேசையில அடுக்கியிருக்கு. ஒங்கள வரட்டாம்."

ஜெட்டி தூரமில்லை. போகும் வழியில் நான் பெமினாவிடம் ஒன்றைத்தான் கேட்டேன், பெயர் எழுதினார்களா என்று. இன்னும் இல்லை, பெரியவர் என்று சொல்கிற அவர்களின் அதிகாரி வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

சாவடி என்றால் தகரக் கூரை, மணல் மூட்டை, ஒரு மேசை. மேசையில் மூன்று போத்தலும் வரிசையாக இருந்தன. லேபல் எல்லாம் முன்பக்கம் பார்த்திருந்தன. அப்படி வைத்தது தர்மினி என்று பிறகு அறிந்தேன். எடுத்து வை என்று சொன்னபோது, வகுப்பில் வைப்பது போலவே வைத்திருக்கிறாள். பெண்களின் பைகளைச் சோதிக்கிற காவலாளிப் பெண் சேலைன் குழாயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. பக்கத்தில் பெரியவர். முன்னால் பெயர் எழுதும் புத்தகம் விரித்திருந்தது.

தர்மினி அழவில்லை. லோஞ்ச் பக்கமும் பார்க்கவில்லை. புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் பழகிய சிங்களத்தில் நான் என்னைச் சொன்னேன், அடையாள அட்டையை வைத்தேன், வகுப்பைச் சொன்னேன். பெரியவர் அவசரப்படவில்லை, சத்தம் போடவும் இல்லை. முதல் போத்தலைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

"வினாகிரி" என்றேன்.

சிங்களத்திலும் அது வினாகிரிதான். அவர் லேபலை இன்னொரு தரம் வாசித்தார்.

"வினாகிரி என்றால் வினாகிரி என்று எழுதலாம். ஏன் இப்படி எழுதியிருக்கிறது?"

படிப்பதற்காக என்றேன். காவலாளிப் பெண் மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. முகத்தைச் சுளித்து, ஓம் என்பதுபோலத் தலையாட்டினா. இரண்டாவது, சுண்ணாம்பு என்றேன். அதையும் மணந்தார்கள், அதற்கு மணமில்லை. வரிசையில் கடைசியாக நின்ற கருவாட்டு வியாபாரி ஹனிபா காக்கா முன்னுக்கு வந்து, தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்புச் சிமிழை மேசையில் வைத்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

"இதுதான் மகள், கரைச்சா இப்பிடித்தான் வரும்" என்றார் தமிழில். பிறகு தானும் ஒரு பார்சலோடு நிற்பது நினைவு வந்து, பின்னுக்குப் போய் நின்றுகொண்டார்.

பெரியவர் குழாயைக் கையில் எடுத்தார். வினாகிரி குசினிச் சாமான், சுண்ணாம்பு வெற்றிலைச் சாமான், சரி. இது குசினியில் இல்லையே என்றார். அவர் கேட்டது நியாயம். சேலைன் எந்தப் பக்கம் போகிறது, யாருக்குப் போகிறது என்பதுதான் அவருக்கு வேலை.

செய்து காட்டுகிறேன் என்று நான் கையை நீட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார். பை யாருடையதோ அவள் செய்யட்டும் என்றார்.

தொப்பி தொங்கிய ஆணி

தர்மினி என்னைப் பார்த்தாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "வகுப்பில செய்யிற மாதிரி."

அவள் முதலில் சுற்றிப் பார்த்தாள். சேலைன் போத்தலைக் கொழுவ ஒரு இடம் வேண்டும். தூணில் ஒரு ஆணி இருந்தது, அதில் பெரியவரின் தொப்பி தொங்கியது. அவள் அதைக் கேட்கத் தயங்கி, விரலால் காட்டினாள். அவர் எழுந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு குடுவை. சாவடியின் தேத்தண்ணிக் கிளாஸ் ஒன்று கிடைத்தது. அதைக் கழுவத் தண்ணீர் கேட்டாள். கழுவாமல் செய்யக்கூடாது என்று காவலாளிப் பெண்ணுக்குத் தமிழில் விளக்கினாள். அவவுக்கு விளங்கியதோ தெரியாது, தண்ணீர் கொண்டுவந்தா. நிறம் தெரிவதற்குக் கிளாசுக்குக் கீழே வெள்ளைக் கடதாசி வேண்டும். தர்மினி மேசையைப் பார்த்தாள். அங்கே இருந்த வெள்ளைக் கடதாசி அந்தப் பெயர்ப் புத்தகம் ஒன்றுதான்.

பெரியவர் அதையும் பார்த்தார். புத்தகத்தை அவளிடம் தள்ளிவிட்டார்.

வெறும் பக்கத்தின் மேல் கிளாசை வைத்து, வினாகிரியை அளந்து ஊற்றி, செவ்வரத்தைச் சாறு விட்டாள். சிவந்தது. தொங்கிய போத்தலில் சுண்ணாம்புத் தண்ணீர். சில்லில் பெருவிரல்.

துளி விழத் தொடங்கியது. இடது கையால் கிளாசைச் சுழற்றினாள். சிவப்பு ரோசாவாகியது. ரோசா மங்கியது. நான் அவளின் கண்ணைப் பார்த்தேன். இதுதான் அது ஜன்னலுக்குப் போகிற இடம்.

போகவில்லை.

ஒரு துளி. கலங்கிய சாம்பல் நிறம் வந்து, சுழற்ற மறைந்தது. இன்னொரு துளி. மறைந்தது. நான் மூச்சு விடவில்லை, பெமினாவும் விடவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் கதைக்கவில்லை. இன்னொன்று. பெயர்ப் புத்தகத்தின் வெள்ளைக்கு மேலே, தளிர் இலை போல மெல்லிய பச்சை வந்தது. சுழற்றினாள். அப்படியே நின்றது. சில்லை மூடினாள்.

"வந்திட்டுது மிஸ்" என்றாள்.

பிறகு அவள் செய்தது எல்லாம் பழக்கம். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய், கோட்டின் அளவை வாசித்தாள். எழுதுவதற்கு ஆளைத் தேடித் திரும்பினாள். வகுப்பில் பெமினா எழுதுவாள், அவளோ வெளியே நின்றாள். காவலாளிப் பெண் மேசையில் கிடந்த பேனையை எடுத்து, தன் உள்ளங்கையில் அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டா.

தர்மினி போத்தலை மறுபடி நிரப்பப் போனாள்.

"என்ன இது?" என்றார் பெரியவர்.

"ஒருதரம் செய்தால் காணாதாம்" என்று தர்மினி சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். "மூன்று தரம் செய்து, ஒத்து வருகிறதா என்று பார்க்கவேண்டும்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "எனக்கு ஒத்து வந்துவிட்டது" என்றார்.

குழாயும் சேலைன் போத்தலும் இங்கேயே இருக்கும், அதில் தனக்கு வேறு வழியில்லை என்றார். மற்றப் போத்தல்களைக் கொண்டுபோகலாம், லேபலைக் கழற்றிவிட்டு. காவலாளிப் பெண் நகத்தால் சுரண்டிச் சுரண்டி மூன்றையும் கழற்றினா. கிளாசைத் தூக்கிவிட்டுப் புத்தகத்தை மூடினார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ஈர வட்டம் இருந்தது. தர்மினியின் பெயர் இருக்கவில்லை.

ஆறாவது

அப்போதுதான் எனக்கு லோஞ்ச் நினைவு வந்தது. புறப்படும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். அது ஜெட்டியிலேயே நின்றது. எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஸ்பானரோடு லோஞ்ச் ஓட்டுபவர் குந்தியிருந்தார். எஞ்சின் பழுதாகிவிட்டது, நல்லகாலம் என்று நினைத்தேன். இரண்டு பிள்ளைகளும் ஓடி ஏறினார்கள். லோஞ்ச் வெளிக்கிட்டது.

என்ன நடந்தது என்று அடுத்த சனிக்கிழமைதான் பெமினா சொன்னாள். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னைக் கூப்பிட ஓடும்போது லோஞ்ச் ஓட்டுபவரிடம், தர்மினி நிற்கிறாள், விட்டுட்டுப் போயிடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பழுது என்று உரக்கச் சொல்லியிருக்கிறார்.

லோஞ்சில் ஆட்கள் நிறைய. பெமினா சொன்னபடி: ஆஸ்பத்திரியால் வந்த கைக்குழந்தைத் தாய் ஒருத்தி, இரண்டு உபாத்தியாயர்மார், சாக்கோடு வியாபாரிகள், கோழிக்கூட்டோடு ஒருவர். இருட்ட முன் கடக்காவிட்டால் அத்தனை பேரும் அன்று டவுனில் நிற்கவேண்டும், எங்கே நிற்பது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. எஞ்சினில் பழுதில்லை என்றும் எல்லோருக்கும் தெரியும். அந்த எஞ்சினின் சத்தத்தை வருடக்கணக்காகக் கேட்டவர்கள். கோழிக்காரர் மட்டும் ஒருதரம், "இன்னும் திருந்தல்லயா?" என்று கேட்டாராம்.

ஓட்டுபவர் நிமிராமலே, "அந்தப் புள்ள வந்தா திருந்தும்" என்றாராம்.

அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

தர்மினியிடம் நான் பிறகு கேட்டேன், அன்று எப்படி அந்தத் துளியில் நிறுத்தினாய் என்று. அவள் யோசித்துச் சொன்னாள்: "லோஞ்ச் சத்தம் நிண்டிட்டுது மிஸ். போயிட்டுது எண்டு நினைச்சன். இனி என்ன அவசரம் எண்டு செய்தனான்."

தாயார் வந்த நாள்

லோஞ்சில் அத்தனை பேர் பார்த்த கதை கிளிவெட்டிக்குப் போகாமல் இருக்குமா. தர்மினி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே போய்விட்டது. இனி அவள் வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெமினாவோடு தர்மினியும் வந்தாள். அவளுக்குப் பின்னால் தாயார். வயல் வேலையில் கறுத்துப்போன, மெலிந்த மனிசி. அறையை ஒருதரம் பார்த்தா, அலுமாரியைப் பார்த்தா, பின்னால் ஒரு கதிரையில் இருந்தா. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தா.

"மறிக்கத்தான் நினைச்சனான். லோஞ்சில வந்த சனம் விடேல்ல. நாங்கள் காத்துக்கொண்டு நிண்டது உன்ர பிள்ளை வீட்டில இருக்கவோ எண்டு கேக்கினம்." பிறகு, "இவளுக்கு இது வருமோ, பிள்ளை?" என்று கேட்டா.

வரும் என்றேன்.

பரீட்சை வரைக்கும் தாயாரும் சனிக்கிழமைகளில் கூட வந்தா. பையைத் தானே திறந்து காட்டுவா. வீட்டில் சேலைன் குழாய் இல்லாதபடியால், தேத்தண்ணிக் கேத்தலின் மூக்கால் துளித்துளியாக ஊற்றித் தர்மினி பழகினாள். கிளாசைத் தாயார் பிடிப்பாவாம். ஒரு துளி கூடினால் முதலில் காண்கிறவ அவதான் என்று தர்மினி சொன்னாள்.

நன்றி சொல்லவேண்டியவர்கள்

லோஞ்ச் ஓட்டுபவர். இன்றுவரை அவரின் பெயர் எனக்குத் தெரியாது. பெமினாவுக்கும் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் தெரியும்.

லோஞ்சில் இருந்தவர்கள், கோழிக்காரர் உட்பட.

ஹனிபா காக்கா. சுண்ணாம்புச் சிமிழை அன்று சாவடியிலேயே மறந்துவிட்டுப் போனார். மறுமுறை கேட்டு வாங்கினார்.

உள்ளங்கையில் இலக்கம் எழுதிய அந்தப் பெண். பிறகு ஒருநாள் ஜெட்டியில் கண்டு, பரீட்சை எப்போது என்று கேட்டா. சொன்னேன்.

தொப்பியை எடுத்துக்கொண்ட பெரியவர். அவர் வேறு விதமாகவும் செய்திருக்கலாம், அந்த நாளில் அதற்கு அவரை ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். குழாயை அவர் வைத்துக்கொண்டதையும் நான் பிழையாக நினைக்கவில்லை.

மேரி அக்கா. குழாய் போன கதையைச் சொன்னபோது, இன்னொன்று பார்க்கிறேன் என்றா. வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

இப்போது

தர்மினி செய்முறையிலும் எழுத்திலும் சித்தியடைந்தாள். கம்பஸில் விவசாயம் படித்து முடித்து, இப்போது ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் வயல் மண்ணைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். பெமினா மூதூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தாயார் சுகமாக இருக்கிறா. மூதூருக்குப் பாலங்கள் வந்துவிட்டன, எல்லோரும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

நான் இன்னும் அதே ஆய்வுகூடத்தில்தான். சனிக்கிழமை வகுப்பும் நடக்கிறது. கண்ணாடி அளவிகள் இருக்கின்றன, அமிலமும் இருக்கிறது. செவ்வரத்தையை இப்போது மான்கள் மட்டும் பாவிக்கின்றன. அலுமாரியில் ஒவ்வொரு போத்தலிலும் லேபல் ஒட்டியிருக்கிறது. முதல் வரியில் சூத்திரம், இரண்டாவது வரியில் வீட்டுப் பெயர்.